தீவகத்துச் சிறுவருக்குத் தம் கதை எங்கே?

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு என்னும் மூன்று தீவுகளின் பெயர்களும் அண்மை ஆண்டுகளிலே வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் அடிபட்டன. காரணம் மின்சாரம். காற்றாலும் சூரிய ஒளியாலும் இத்தீவுகளில் மின் உற்பத்தி செய்யும் பணியைச் சீனக் கம்பனி ஒன்றுக்கு ஒப்படைக்க 2021 சனவரியில் முடிவாயிற்று. இந்தியா மறுப்புத் தெரிவித்தது, அவ்வேற்பாடு கைவிடப்பட்டது. பின்னர், 2024 மார்ச்சில், இந்திய அரசு நன்கொடையாக வழங்கும் ஒரு கோடியே பத்து இலட்சம் அமெரிக்க டொலர் செலவில் அதே பணியைச் செய்வதற்கு இந்தியக் கம்பனி ஒன்றுடன் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. பாக்கு நீரிணையின் ஓரத்தே கிடக்கும் இச்சிறு நிலத்துண்டுகளுக்கு விளக்கேற்றும் உரிமைக்காக ஆசியாவின் இரு பெரும் நாடுகள் போட்டியிட்டமை அரசியல் நோக்கர்க்குச் சுவையான பொருள். அதனை அவர்கள் ஆராயட்டும். ஆசிரியத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் என் உள்ளத்தில் எழும் கேள்வி வேறு. விளக்கை யார் கொடுத்தாலும் ஆகுக. அதன் கீழே அமரும் ஏழு வயதுப் பிள்ளை எதை வாசிக்கப் போகின்றது?

பாடநூலை வாசிக்கும் என்று விடை கூறுதல் எளிது. 1980ஆம் ஆண்டு தொடக்கம் அரசாங்கம் பாடநூல்களை இலவசமாக வழங்கி வருகின்றது. இஃது எவரும் குறைகூற முடியாத பேருதவி. பாடநூலுக்கு அடுத்தபடியாக வீட்டிலே வாங்கி வைக்கப்படுவது ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்குரிய மாதிரி வினாத்தாட் கோவை. இவ்விரண்டையும் விலக்கிவிட்டு, புள்ளிக்காகவன்றி மகிழ்ச்சிக்காகப் பிள்ளை கையிலெடுக்கும் நூல் யாது என்று தேடுவோமாயின், நம் கண்ணிற் படுவன பெரும்பாலும் மூன்று வகையின. நரியும் காகமும், ஆமையும் முயலும் பேசுகின்ற நீதிக்கதைகள் ஒருவகை. அரசனும் மந்திரியும், தெனாலிராமனும் மரியாதைராமனும் உலாவுகின்ற பழங்கதைகள் இன்னொரு வகை. பெரியோரின் வாழ்க்கைச் சரிதச் சுருக்கங்கள் மூன்றாவது வகை. இவற்றுள் எதனையும் வேண்டாமென்று சொல்ல நான் வரவில்லை. இவற்றைக் கேட்டும் வாசித்துமே நாமெல்லோரும் வளர்ந்தோம்.

ஆனால், நான்காவதாக இருக்கவேண்டிய வகையைத்தான் காண்பது அரிதாயிருக்கின்றது. தன்னை ஒத்த ஒரு பிள்ளை, தன் வீட்டை ஒத்த ஒரு வீட்டிலே, தான் கழிக்கும் நாளை ஒத்த ஒரு நாளைக் கழிக்கின்ற கதை. மாயமும் மந்திரமும் பேசும் விலங்கும் இன்றி, ஆயினும் அடுத்து என்ன நிகழுமோ என்னும் ஆவலைத் தூண்டுகின்ற கதை. அன்றாட வாழ்வை உள்ளபடி காட்டும் இத்தகைய கதையை யதார்த்தக் கதை என்கின்றோம். வளர்ந்தோருக்கு எழுதும் நம் எழுத்தாளர் இச்சொல்லைப் பல்லாண்டுகளாகப் போற்றி வந்துள்ளனர். ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைக்கு அதிற் பங்கு கொடுக்க மறந்தனர். இக்குறை ஈழத்துத் தமிழ் நிலமெங்கும் உள்ளதே. எனினும், தீவகத்தில் அது பளிச்செனத் தெரிகின்றது. அங்கேதான் அதன் விளைவும் பெரிது.

கடலும் கல்வேலியும்

புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலே வீதி முடிந்துவிடுகின்றது. அங்கிருந்து நயினாதீவு கண்ணுக்கெட்டிய தூரம். நெடுந்தீவுக்கோ ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறையிலிருந்து படகேற வேண்டும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே ஆட்களையும் துவிச்சக்கர வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவையை மக்கள் 'பாதை' என்றே அழைக்கின்றனர். நீரின்மேல் நகரும் ஒன்றுக்குப் பாதை என்று பெயர் வைத்தவர் புலவரல்லர். அன்றாடம் கடலைக் கடந்து செல்பவர். நெடுந்தீவிலே காணிகளைப் பிரிப்பன சாந்து பூசாது அடுக்கிய பவளக் கல்வேலிகள். ஐரோப்பியர் ஆட்சிக்காலத்திற் கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் அங்கே வெளியெங்கும் திரிகின்றன. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்குமரம் ஒன்று வயிறு பருத்து நிற்கின்றது. நயினாதீவிலே நாகபூஷணி அம்மன் கோயில் மணியோசையும் நாகவிகாரையின் பிரித் ஓசையும் ஒரே காற்றிற் கலந்து வருகின்றன. சோளகம் எழுந்தால் கடல் ஒரு முகம் காட்டும்; வாடை பெயர்ந்தால் வேறொரு முகம் காட்டும். நல்ல தண்ணீர் எந்தக் கிணற்றில் உண்டு, அது எந்த மாதத்தில் உவர்க்கத் தொடங்கும் என்பது அங்குள்ள சிறு பிள்ளைக்கும் தெரியும்.

கதைக்கு வேண்டிய எல்லாம் இங்கே உண்டு அன்றோ? ஆயின், இங்குள்ள பிள்ளை இதனைக் கதையென்று கருதுகின்றதா? பல ஆண்டுகளுக்கு முன், தீவுப் பாடசாலை ஒன்றிலே நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கதை எழுதும்படி கூறினேன். ஏறக்குறைய எல்லாரும் 'ஒரு காட்டிலே ஒரு சிங்கம்' என்றோ, 'ஒரு நாட்டிலே ஓர் அரசன்' என்றோ தொடங்கினர். காட்டையும் கண்டிராத, சிங்கத்தையும் கண்டிராத பிள்ளைகள் அவர்கள். அன்று இடைவேளையிலே அதே பிள்ளைகள் மரநிழலில் வட்டமிட்டிருந்து, முதல்நாள் மாலை நடுக்கடலில் லாஞ்சியின் இயந்திரம் நின்றுபோனதைப் பற்றி ஒருவர் மாறி ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தனர். எங்கே நிறுத்தவேண்டுமோ அங்கே நிறுத்தி, யாருடைய குரல் எப்படியோ அப்படியே பேசி, கேட்போரைச் சிரிக்கவும் அஞ்சவும் வைத்தனர். வகுப்பில் எழுதியவை அத்தனையிலும் அந்த உயிர் இருக்கவில்லை. வாயினாற் சொல்லுவது வேறு, எழுத்திலே வரத்தக்கது வேறு என்று யாரோ அவர்களுக்குக் கற்பித்திருந்தனர். அந்த 'யாரோ' தனியொருவர் அல்லர். அவர்கள் கையிற் கிடைத்த நூல்கள் யாவும் சேர்ந்தே அதனைக் கற்பித்தன.

பாட்டுச் சென்ற வழி

இந்நிலை எப்படி வந்தது? யாழ்ப்பாணம் சிறுவரைப் புறக்கணித்த நாடன்று. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிச் சில ஆண்டுகளுள் பாலபாடங்களை அச்சிட்டார். தமிழிலே படிமுறையாக அமைந்த வாசிப்பு நூல்களுக்கு அவை முன்னோடி. தெளிந்த உரைநடையின் அழகு அவற்றிலே உண்டு. ஆனால், அவற்றின் நோக்கம் ஒழுக்கமும் சமயமும். பிள்ளை எப்படி இருக்கவேண்டும் என்பதை அவை கூறின. பிள்ளை எப்படி இருக்கின்றது என்பதைக் காட்டுதல் அவற்றின் வேலையன்று.

அவ்வேலையை முதலிற் செய்தது பாட்டு. வித்தியாதிகாரியாயிருந்த க. ச. அருணந்தியின் ஊக்கத்தால் பிள்ளைப் பாடல்களுக்குப் போட்டி வைக்கப்பெற்று, தேர்ந்தவை 'பிள்ளைப்பாட்டு' என்ற பெயரில் 1935இல் நூலாயின. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் சிறுவர் பாடல்கள், அவர் 1953இல் மறைந்த பின்னர், 1955இல் 'சிறுவர் செந்தமிழ்' என்னும் தொகுதியாக வந்தன. அவருடைய ஆடிப்பிறப்புப் பாடலை அறியாத யாழ்ப்பாணத்தவர் இல்லை. ரொறன்ரோவிலும் பாரிசிலும் பிறந்த பேரப்பிள்ளைகளும் அதனைப் பாடுகின்றனர். அது நிலைத்ததன் காரணத்தை எண்ணிப் பார்க்கவேண்டும். அதிலே அரசனில்லை, அசுரனில்லை, நீதியும் இல்லை. மறுநாள் விடுமுறை; கூழும் கொழுக்கட்டையும் உண்டு; வீட்டிலே வேலை நடக்கின்றது; தோழரோடு கூடலாம். இவ்வளவே. பிள்ளை தன் வீட்டு அடுக்களையைப் பாட்டிலே கண்டது. கண்டதும் அதனைத் தனதாக்கிக் கொண்டது. கத்தரித் தோட்டத்து வெருளியைப் பாடியதும் அத்தகையதே. அன்றாட வாழ்வு பிள்ளைகளுக்குச் சுவைக்காது என்று கூறுவோருக்கு இவ்விரு பாடல்களையும் விடச் சிறந்த மறுமொழி வேண்டியதில்லை.

ஆகவே, அன்றாட வாழ்வே சிறுவர் இலக்கியத்தின் நல்ல பொருள் என்பதை நாம் முக்கால் நூற்றாண்டுக்கு முன்னரே கண்டறிந்துவிட்டோம். கண்டறிந்ததைப் பாட்டோடு நிறுத்திவிட்டோம். உரைநடைக் கதை அப்பாதையிலே பின்தொடர்ந்து வரவில்லை. என் கருத்தின் மையம் இதுவே.

வளர்ந்தோர்க்கு மட்டும் வந்த யதார்த்தம்

உரைநடையிலே யதார்த்தம் வராமலும் இல்லை; அது வேறு வாசலால் வந்தது. 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியது. தேசிய இலக்கியம், மண்வாசனை என்பன பற்றி அடுத்த பத்தாண்டில் நிகழ்ந்த வாதங்களும், பேச்சுமொழியைக் கதையிலே எழுதலாமா என்று பண்டிதர்களும் எழுத்தாளர்களும் மோதிய மரபுப் போராட்டமும் இலக்கிய மாணவர் அறிந்தவை. முடிவில் யதார்த்தம் வென்றது. அதன் பயனாகத் தீவகமும் இலக்கியத்தில் இடம்பெற்றது. நெடுந்தீவைக் களமாகக் கொண்ட செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' 1973இல் நாவலாக வந்து, 1978இல் திரைப்படமும் ஆயிற்று. புங்குடுதீவு மு. தளையசிங்கத்தையும் மு. பொன்னம்பலத்தையும் சு. வில்வரத்தினத்தையும் தந்தது. மக்கள் பெயர்ந்த பின் வெறிச்சோடிய ஊரின் துயரை வில்வரத்தினத்தின் 'காற்றுவழிக் கிராமம்' 1995இற் கூறிற்று. அல்லைப்பிட்டியிற் பிறந்த ஷோபாசக்தி தம் மண்ணை 'கொரில்லா' நாவலில் 2001இல் எழுதினார். தமிழாராய்ச்சியை உலகப் பொருளாக்கிய தனிநாயகம் அடிகள் 1913இற் பிறந்ததும் தீவகத்துக் கரம்பொனிலேதான்.

இவ்வளவு எழுத்தும் யாருக்காக எழுதப்பட்டது? வளர்ந்தோருக்காக. மண்வாசனைக்காக வாதாடிய எவரும் இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் புத்தகத்திலே மண்வாசனை வேண்டும் என்று வாதாடியதாகத் தெரியவில்லை. சிறுவர்க்குரிய தட்டிலே 1947இற் சென்னையிலிருந்து வரத் தொடங்கிய அம்புலிமாமாவும், அதன் விக்கிரமாதித்தனும் வேதாளமும் வீற்றிருக்க, எல்லாரும் திருப்தியடைந்தனர்.

அதே 1947ஆம் ஆண்டிலே தென்னிலங்கையில் நிகழ்ந்ததை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. மார்ட்டின் விக்கிரமசிங்க தம் ஊராகிய கொக்கலையின் களப்பையும் அதிலுள்ள சிறு தீவையும் களமாகக் கொண்டு 'மடோல் தூவ' என்னும் சிறுவர் நாவலை எழுதினார். உபாலி, ஜின்னா என்னும் இரு பையன்கள். குறும்பு செய்கின்றார்கள், அடி வாங்குகின்றார்கள், வீட்டை விட்டு ஓடுகின்றார்கள், ஆளில்லாத தீவிலே காடு வெட்டிப் பயிர் செய்கின்றார்கள். இடையிடையே நின்று உபதேசம் செய்ய ஆசிரியர் வருவதில்லை. சிங்களப் பிள்ளைகள் பல தலைமுறையாக அதனை வாசித்து வருகின்றனர். தமிழிலும் அது பெயர்க்கப்பட்டுள்ளது. கொக்கலைக் களப்பிலுள்ள ஒரு சிறு திட்டு இலங்கைச் சிறுவர் அனைவருக்கும் பொதுச் சொத்தாகிவிட்டது. ஏழு தீவுகளும் அவற்றின் மேல் ஏழு உலகங்களும் உடைய நாம், நம் பிள்ளைக்கு அத்தகைய நூலொன்றைக் கொடுத்தோமா?

தடையாய் நிற்பவை

ஏன் கொடுக்கவில்லை? நான் காணும் காரணங்கள் நான்கு.

முதலாவது, நீதி பற்றிய நம் பழக்கம். சிறுவர் கதை என்றால் அதன் வாலிலே ஒரு படிப்பினை தொங்கவேண்டும் என்பது நம் எண்ணம். அன்றாட வாழ்விலே நிகழ்ச்சிகள் அப்படி ஒழுங்காக முடிவதில்லை. ஆடு தொலைந்து கிடைத்தது. அதனால் அறியப்படும் நீதி யாது? ஒன்றுமில்லை. ஆடு கிடைத்த மகிழ்ச்சிதான் உண்டு. அது போதாதென்று நினைக்கின்றோம்.

இரண்டாவது, மொழி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை பேசும் தமிழ் ஒன்று. வாசிக்கும் தமிழ் ஒன்று. 'இண்டைக்கு லாஞ்சி ஓடாதாம்' என்று ஒரு சிறுமி சொல்லுவதை 'இன்று இயந்திரப் படகு சேவையில் ஈடுபடாதாம்' என்று எழுதினால் அச்சிறுமி அந்த வரியிலேயே மறைந்துபோகின்றாள்; செய்தி வாசிப்பவர்தான் எஞ்சுகின்றார். கதை கூறும் நடை எளிய எழுத்துத் தமிழாக இருக்கட்டும். கதையிற் பேசுவோர் தாம் பேசுவதுபோலவே பேசட்டும். வளர்ந்தோர் கதைக்கு அறுபதுகளில் ஏற்றுக்கொண்ட இந்த ஒழுங்கைச் சிறுவர் கதைக்கு மறுப்பதில் நியாயமில்லை.

மூன்றாவது, பரீட்சை. பத்து வயதுப் பிள்ளையின் மாலைப்பொழுதை வினாத்தாள் விழுங்கிவிட்டால், கதைநூல் வாங்கும் பணமும் அதனோடே போகின்றது. வாங்குவோரில்லாத நூலைப் பதிப்பகத்தார் அச்சிடார். இஃது எளிய கணக்கு.

நான்காவது, யுத்தம். 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டுப் பயணிகள் பலர் கொல்லப்பட்டனர். 1990, 1991 ஆண்டுகளில் தீவக மக்களிற் பெரும்பகுதியினர் இடம்பெயர்ந்தனர், பலர் திரும்பவேயில்லை. இத்தகைய காலத்தில் ஆடு தொலைந்த கதையை எழுதுவதற்கு யாருக்கும் மனம் வராமை இயல்பே. ஆனால், யுத்தம் முடிந்தது 2009இல். அதன் பின் பிறந்த பிள்ளைகள் இன்று மேல்வகுப்புக்குப் போய்விட்டனர். அக்காரணம் நமக்கு இன்னும் எத்தனை ஆண்டு உதவும்?

மறுப்புகள் சில

இவ்வாறு நான் நண்பர்களிடம் பேசும்போது மூன்று மறுப்புகள் எழுவதுண்டு.

'பிள்ளை நாள்தோறும் காண்பதையே நூலிலும் காட்டுவானேன்? கற்பனைக்குச் சிறகு வேண்டாமா?' என்பது ஒன்று. சிறகு வேண்டும், நிலமும் வேண்டும். 1940ஐ ஒட்டி, அமெரிக்காவின் யக்கிமா என்னும் ஊரிலே பெவர்லி கிளியரி என்ற இளம் பெண் சிறுவர் நூலகராயிருந்தார். தம்மைப் போன்ற பையன்களைப் பற்றிய புத்தகங்கள் எங்கே என்று சிறுவர் சிலர் அவரிடம் கேட்டனர். கொடுப்பதற்கு நூல்கள் கிடைக்கவில்லை. அக்கேள்வி மனதிற் கிடந்து, 1950இல் 'ஹென்றி ஹகின்ஸ்' என்னும் நூலாயிற்று: ஒரு சாதாரணத் தெரு, ஒரு சாதாரணப் பையன், அவன் கண்டெடுத்த ஒரு நாய். அதிலிருந்து தொடங்கிய அவருடைய நூல்களைக் கோடிக்கணக்கான பிள்ளைகள் வாசித்துள்ளனர். நம் பிள்ளைகள் அப்படிக் கேட்பதில்லை. அத்தகைய நூல் ஒன்று இருக்கக்கூடும் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

'தீவுப் பிள்ளைக்குத் தீவுக் கதையைக் கொடுத்தால் அதனைத் தீவிலேயே கட்டிப்போட்டதாகாதா?' என்பது இரண்டாவது. ருடீன் சிம்ஸ் பிஷப் என்னும் அமெரிக்கக் கல்வியாளர் 1990இல் இதற்கு விடை போன்றதொரு கருத்தை வெளியிட்டார். பிள்ளைக்கு நூல் சில வேளை கண்ணாடி. சில வேளை சாளரம். தன்னைக் காண்பதற்குக் கண்ணாடி, பிறரைக் காண்பதற்குச் சாளரம். நம் தீவுப் பிள்ளைக்கு இதுவரை நாம் கொடுத்தவை எல்லாம் சாளரங்கள். பிறருடைய முற்றத்தை மாத்திரம் பார்த்து வளரும் பிள்ளை, பார்க்கத் தகுந்தது யாவும் பிறர் முற்றத்திலேதான் உள்ளது என்று முடிவு செய்கின்றது. ஊரைவிட்டுப் போவதே வாழ்வு என்ற எண்ணம் அங்கே முளைக்கின்றது. மேலும், நமக்குக் கண்ணாடியாகும் கதை மாத்தறைப் பிள்ளைக்கும் மட்டக்களப்புப் பிள்ளைக்கும் சாளரமாகும். மடோல் தூவ தமிழுக்கு வந்ததுபோல, நெடுந்தீவுக் கதையொன்று சிங்களத்துக்குப் போகவேண்டாமா?

'உள்ளதை உள்ளபடி எழுதினால் வறுமையும் சாதியும் மரணமும் வருமே. பிஞ்சு மனம் தாங்குமா?' என்பது மூன்றாவது. இதுவே கனமான மறுப்பு. இதனை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மையன்று. தண்ணீரை எடுத்துக்கொள்வோம். தீவகத்து அன்றாட வாழ்வை எழுதுபவர் தண்ணீரை விட்டு எழுத முடியாது. தண்ணீரை எழுதினால், யார் எந்தக் கிணற்றில் அள்ளலாம் என்ற வரலாறும் கூடவே வரும். புங்குடுதீவில் நன்னீர்க் கிணற்றிலே ஒடுக்கப்பட்ட மக்களும் நீர் அள்ளும் உரிமைக்காக 1971இல் நிகழ்ந்த அறப்போராட்டத்தில் மு. தளையசிங்கம் முன்னின்றார், காவலரால் தாக்கப்பட்டார், 1973இல், நாற்பது வயதையும் எட்டாமல் இறந்தார். இதனை ஏழு வயதுப் பிள்ளைக்கு வரலாறாகச் சொல்லவேண்டியதில்லை. ஆனால், இரு சிறுமியர் தண்ணீருக்குப் போகும் கதையிலே ஒருத்தி ஏன் சற்றுத் தூரத்தில் நிற்கின்றாள் என்று மற்றவள் கேட்கலாம். கேட்ட கேள்விக்குப் பாட்டி உடனே விடை சொல்லாதிருக்கலாம். அந்த மௌனத்தைப் பிள்ளை விளங்கிக்கொள்ளும். பிள்ளையிடம் முழுவதையும் சொல்லத் தேவையில்லை; பொய் மாத்திரம் சொல்லலாகாது. அளவு என்பது இதுதான்.

எழுதப்படக் காத்திருப்பவை

இத்தகைய கதைகள் எவ்வாறிருக்கும் என்று கேட்போருக்குச் சிலவற்றைச் சுட்டுகின்றேன். சோளகம் பலமாக வீசும் ஒரு காலை. ஆசிரியர்கள் வரும் லாஞ்சி வரவில்லை. ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி முதலாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியதாகின்றது. அவர்களுள் ஒருவன் அழுகையை நிறுத்தவில்லை. அவள் என்ன செய்வாள்? இஃது ஒரு கதை. இரண்டு பையன்கள் ஏறியதாற் கல்வேலி சரிந்து, பக்கத்துக் காணிக்குள் மாடு புகுந்துவிடுகின்றது. யாருமறியாமல் அடுக்கிவிடலாமென்று தொடங்குகின்றார்கள். எப்படி அடுக்கினாலும் கல் நிற்கவில்லை. அடுக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் உண்டு. அவர் அந்தக் காணிக்காரக் கிழவர். இஃது இன்னொன்று. கூரையில்லாத வீட்டுக்குள் புளியமரம் வளர்ந்து நிற்கின்றது; புளி பொறுக்கப் போன பிள்ளை சுவரிலே உயரம் அளந்து குறித்த கோடுகளைக் காண்கின்றது. இங்கே வளர்ந்த பிள்ளை இப்போது எங்கே? அப்பிள்ளை இன்று ஐரோப்பாவில் ஒரு மாமாவாகவோ மாமியாகவோ இருக்கலாம். தொலைபேசியிற் கேட்டுப் பார்க்கலாம். யுத்தம் என்ற சொல்லே வராமல், யுத்தம் செய்ததைச் சொல்லும் கதை இது.

இவற்றை எழுதுவதற்குப் பேரெழுத்தாளர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தீவகத்துப் பாடசாலைகளிலே கற்பிக்கும் ஆசிரியர்களே எழுதலாம். நாள்தோறும் படகிலே போகவும் வரவும் செலவாகும் நேரத்தில் அவர்கள் காதில் விழுவனவே ஓராண்டுக்குப் போதிய கதைப்பொருள். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை 2023இல் வாசிப்பு இயக்கம் என்பதைத் தொடங்கி, பிள்ளைகளின் வாசிப்புத் திறனுக்கேற்ப நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக வகுத்த சிறு நூல்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியது. மெல்லிய நூல்கள், பக்கத்துக்குச் சில வரிகள், பெரிய படங்கள். அரசே முன்வந்தமையால் அங்கே வேலை விரைவாயிற்று. இங்கே வலயக் கல்விப் பணிமனையும் ஆசிரியர் சங்கங்களும் மனம் வைத்தால், ஆண்டொன்றுக்கு ஆறு சிறு நூல்கள் ஆகாத காரியமன்று. படங்களைப் பிள்ளைகளே வரையட்டும். அச்சிட்ட பின் அவற்றை, 2005 தொடக்கம் ஈழத்து நூல்களை எண்ணிம வடிவிற் காத்துவரும் நூலகம் நிறுவனத்திற்கும் கொடுத்தால், கடல்கடந்த பிள்ளைகளும் வாசிப்பர்.

பணத்துக்கு என்ன வழி? புலம்பெயர்ந்த நம்மூரவர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் சுவிற்சர்லாந்திலும் ஊர்ச் சங்கங்கள் வைத்திருக்கின்றனர். ஆண்டுதோறும் கனத்த தாளில் மலர்கள் வெளியிடுகின்றனர். அம்மலர்களில் வாழ்த்துச் செய்திகளுக்கு ஒதுக்கும் பக்கங்களின் செலவைக் கொண்டே ஒரு கதைநூலை அச்சிட்டுவிடலாம். தம் பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டவேண்டும் என்று அவர்கள் ஏங்குகின்றனர். கோயிற்றிருவிழாப் படத்தைக் காட்டுகின்றனர். பிள்ளை பார்த்துவிட்டுப் போய்விடுகின்றது. தன் வயதுப் பிள்ளை ஒன்று அங்கே நாளை எப்படிக் கழிக்கின்றது என்று அறியும்போதுதான் ஊர் அதற்கு ஊராகும்.

பிள்ளைகள் குறைந்த சிறு பாடசாலைகளை வைத்திருப்பதா, மூடிவிட்டு வேறு பாடசாலைகளோடு இணைப்பதா என்ற விவாதம் இப்போது நாட்டிலே நடைபெறுகின்றது. தீவகத்திலே இத்தகைய பாடசாலைகள் பல. அவற்றுக்காக வாதாடுவோர் பிள்ளைகளின் தொகையையும் படகுக் கட்டணத்தையும் பயண நேரத்தையும் எடுத்துக் கூறுகின்றனர், கூறத்தான் வேண்டும். ஆனால், எண்கள் எல்லாம் எதிர்ப்பக்கத்தாரிடமும் உண்டு. அப்பாடசாலையிலே பதினைந்து பிள்ளைகள் என்று ஒரு கடிதம் சொல்லும். அந்தப் பதினைந்து பேரும் யார் யார், லாஞ்சி ஓடாத நாளில் அவர்களுள் யார் யாரைத் தேற்றினார் என்பதைக் கடிதம் சொல்லாது; கதைதான் சொல்லும். ஆசிரிய நண்பர்களே, இவ்வாண்டு விடுமுறையிலே ஒவ்வொருவரும் ஒரு கதை எழுதுங்கள். எழுதியதை முதலில் உங்கள் வகுப்புக்கு வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்திலே பிள்ளைகள் 'இல்லை ரீச்சர், அது அப்பிடியில்லை' என்று குறுக்கிடுகின்றார்களோ, அந்த இடத்தைத் திருத்தி எழுதுங்கள்.